கிடங்கிலுக்குப் போகும் வழி: தமிழ் படிக்க வரும் வெளிநாட்டு மாணவரும் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் சாலையும்

புதுச்சேரிக்குத் தமிழ் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, இரண்டு நாள் ஊர்சுற்றல். வகுப்பு கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நடக்கும். ஊர்சுற்றல் பெரும்பாலும் மேற்கு நோக்கி, விழுப்புரம் மாவட்டத்துக்குள் போகும். வகுப்புக்குப் பாடத்திட்டம், நேரம், ஆசிரியர் எல்லாம் உண்டு. ஊர்சுற்றலுக்கு இவை எதுவும் இல்லாததால் அது பாதி நேரம் குழம்பிப் போகிறது. ஆனால் வகுப்பில் படிக்கும் நூல்கள் பேசுகிற மண் இந்த இரண்டாவது பாதியில்தான் கிடக்கிறது.

முதலில் வகுப்பு. பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு இணைந்ததை ஒட்டி, 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கியது. பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் அக்காலத்திலேயே உருவாகி, இன்று தூமா வீதியில் இயங்குகிறது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பழந்தமிழ் படிக்க விரும்பும் மாணவர்கள் வந்து சேரும் இடங்கள் இவை. எவா வில்டன் ஒருங்கிணைப்பில் 2003 முதல் செவ்வியல் தமிழுக்கென்றே ஒரு பயிலரங்கும் இங்கே நடந்துவருகிறது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகியவற்றுக்குச் சுவடிகளை ஒப்புநோக்கி அவர் கொண்டுவந்த பதிப்புகள் இந்தச் சூழலில் பிறந்தவை.

இந்த வகுப்புகளுக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் உள்ளூர்ப் புலவர்கள். தி.வே. கோபாலையர் (1926-2007) அவர்களில் முதன்மையானவர். பிரான்சுவா குரோவுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த தேவாரத் தொகுதிகள் 1984 முதல் வெளிவந்தன. அவர் தொகுத்த இலக்கணப் பேரகராதி இன்றும் கையேடாகப் புழங்குகிறது. நூலைத் திறக்காமலே பாட்டும் உரையும் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து படிப்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தரமுடியாத படிப்பு. மாணவர்கள் அத்தனை தூரம் வருவதற்குக் காரணமே அதுதான்.

வகுப்பு மெதுவாக நகரும். ஒருவர் அடியை வாய்விட்டுப் படிப்பார். அச்சில் அடி சீர் சீராகப் பிரிந்து நிற்கும்; சீர் முடியும் இடத்தில் சொல் முடியவேண்டும் என்பதில்லை. ஆகவே முதல் வேலை புணர்ச்சியைப் பிரித்துச் சொற்களைத் தனித்தனியாக எடுப்பது. அடுத்தது பெயரெச்சம் எந்தப் பெயரில் போய் முடிகிறது என்று தேடுவது. நெடும்பாட்டில் அது பத்து அடி தள்ளியும் இருக்கலாம். அதற்கும் பிறகு உரை. பத்துப்பாட்டுக்கு நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே. சாமிநாதையர் 1889இல் கொண்டுவந்த பதிப்புதான் இன்றைக்கும் எல்லார் கையிலும் அடிப்படை. நச்சினார்க்கினியரோ எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து வேறெங்கோ மாட்டிப் பொருள் சொல்கிறவர். அவர் சொன்னபடி கொள்வதா, அடி ஓடுகிற வரிசையில் கொள்வதா என்று விவாதம் எழுந்தால் ஒரு காலைப்பொழுதில் நான்கைந்து அடிகள் முடிந்தாலே பெரிது. வேகம் குறைவு என்று இதைக் குறைசொல்ல முடியாது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பலரும் இவ்வளவு பொறுமையாக ஒரு பாட்டின் முன் உட்கார்ந்ததில்லை.

பேச்சுத்தமிழ் வகுப்பு தனி. எழுத்துத்தமிழில் எழுதிப் பழகிய வினைகள் அங்கே உருமாறும். அதுவும் ஓர் இடைநிலைப் பேச்சாகவே கற்பிக்கப்படும். எந்த ஊர்க்காரரும் முழுக்க அப்படிப் பேசுவதில்லை. அந்த வகுப்பின் எல்லை திண்டிவனம் பேருந்தில் ஏறிய உடனே தெரிந்துவிடும். "திண்டிவனம் வரச்சொல்ல சொல்றேன், உக்காரும்மா" என்று நடத்துனர் சொன்னால், யாரோ யாரையோ வரச் சொல்கிறார் என்றுதான் புதியவர் நினைப்பார். வடதமிழகத்துப் பேச்சில் அது ஊர் வரும்போது என்ற பொருள்.

இனி, இந்த மாணவர்கள் படிக்கும் பாட்டுகளுக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடி கொண்டது; பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்வதாக அமைந்த பாட்டு. ஓய்மாநாடு என்பது திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி. நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்று திண்டிவனம் ஊருக்குள்ளேயே கிடங்கல் என்ற பெயரில் இருக்கிறது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். எல்லாமே திண்டிவனத்திலிருந்து ஒரு நாளில் சுற்றி வரக்கூடிய தொலைவில் உள்ளவை.

அந்தப் பாட்டு வழி சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. எத்தனை காதம், எந்தத் திருப்பம் என்று அது நீட்டுவதில்லை. எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்று சொல்கிறது. கடற்கரைப் பட்டினத்தில் நுளையர் பெண்கள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூரில் எயினர் குடியின் பெண்கள் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும். ஆமூரில், உலக்கையின் இரும்புப் பூண் தேயத் தேயக் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாற மாற இலையும் மாறுகிறது. கடைசியில் நல்லியக்கோடனின் வாயில்: பொருநர், புலவர், அந்தணர் ஆகியோருக்கு அடைக்காத கதவு. கடையெழு வள்ளல்களின் பட்டியலை வரிசையாகத் தருவதும் இந்தப் பாட்டே. பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததையும் பாரி முல்லைக்குத் தேர் தந்ததையும் பள்ளிக்கூடப் பாடமாகக் கேட்டிருக்கும் தமிழருக்குக்கூட, அந்தப் பட்டியல் திண்டிவனத்து மன்னன் ஒருவனைப் பாடும் பாட்டில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது.

இவ்வளவு இருந்தும் திண்டிவனம் இறங்கும் ஊராக இல்லை. சென்னையிலிருந்து வரும் சாலையில் புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரியும் இடம் அது. பல பேருந்துகள் ஊருக்குள் வராமல் புறவழிச்சாலை மேம்பாலத்தருகே ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். கிடங்கல் கோட்டையின் மிச்சங்களையும் கீழ்மாவிலங்கைக் குடைவரையையும் தேடி வருபவர் மிகக் குறைவு. கீழ்மாவிலங்கையில் சிறு பாறை ஒன்றின் உள்ளே நின்ற கோலத்தில் திருமால் புடைப்புச் சிற்பமாக இருக்கிறார். நல்லியக்கோடன் பாட்டில் வரும் மாவிலங்கையோடு இந்த ஊரைத் தொடர்புபடுத்துவர். சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் படித்துவிட்டு இந்த மேம்பாலத்தடியில் அடுத்த பேருந்துக்கு நின்று, ஊரைப் பார்க்காமலே செஞ்சிக்குப் போவது உண்மையான இழப்பு.

வார இறுதித் திட்டம் தாளில் மிக எளிது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து செஞ்சி 28 அளவில். செஞ்சியிலிருந்து தெற்கே இறங்கினால் விழுப்புரம் ஏறத்தாழ 40. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி இன்னொரு 40. ஒரு சுற்று. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பிவிடலாம் என்று தோன்றும். செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம், திருவண்ணாமலை ரயில் பாதை அறிவிக்கப்பட்டு நீண்ட காலமாகியும் வந்துசேரவில்லை. ஆகவே விழுப்புரம் வரை முழுக்கப் பேருந்துதான்.

திட்டம் குழம்ப முதற் காரணம் பஞ்சாங்கம். வெளிநாட்டு மாணவர் கையில் ஆங்கிலத் தேதி இருக்கும். இந்தச் சாலையோ அமாவாசை, பௌர்ணமிப்படி ஓடுகிறது. பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக் கிரிவலம்: 14 கிலோமீட்டர் மலைச்சுற்று நடக்கச் சென்னையிலிருந்து வரும் கூட்டம் திண்டிவனம், செஞ்சி வழியாகத்தான் போகும். அமாவாசை என்றால் செஞ்சிக்கு வடக்கே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். சிறப்புப் பேருந்துகள் விட்டாலும் போதாத கூட்டம். திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கும் பௌர்ணமி விசேஷம். இதோடு ஒரு வளர்பிறை முகூர்த்த நாள் சேர்ந்துகொண்டால் உள்ளூர்ப் பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. புதுச்சேரியில் எந்த மளிகைக் கடைத் தினசரிக் காலண்டரைப் பார்த்தாலும் இவ்வளவும் தெரிந்துவிடும். பேச்சுத்தமிழ் வகுப்பின் முதல் வாரத்திலேயே அந்தக் காலண்டரைக் கிழித்துக் காட்டிக் கற்பிக்கலாம்: திதி, நட்சத்திரம், முகூர்த்தம், ராகுகாலம். மாணவர் எப்படியும் கற்கவேண்டிய சொற்களே.

இரண்டாவது குழப்பம் பேருந்து வகை. 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்று அட்டை மாட்டிய வண்டி இடையில் நிற்காது. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டில் இறங்க வேண்டியவர் அதில் ஏறிவிட்டால் நேரே விழுப்புரம் பேருந்து நிலையத்தில்தான் இறங்குவார். வந்த வழியே பாதித் தூரம் திரும்ப வேண்டும். ஊர்ப்பெயரை எழுதியபடி உச்சரித்தால் பலருக்குப் புரியாது என்பதும், ஒரே பெயரில் மாவட்டத்தில் இரண்டு மூன்று ஊர்கள் இருப்பதும் இதோடு சேரும்.

மூன்றாவது, ராத்தங்கல். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் என்று வழங்கும் படிவத்தை இணையத்தில் நிரப்பி அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். சிறிய ஊர் லாட்ஜ்கள் பலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை; "ஃபாரினர்னா ரூம் இல்லீங்க" என்று கையை விரித்துவிடுவார்கள். வெறுப்பினால் சொல்வதில்லை, போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாதே என்ற அச்சம். இரவு ஒன்பது மணிக்குச் செஞ்சியில் இப்படி நிற்கும் நிலை வராமலிருக்க, முன்கூட்டியே தொலைபேசியில் 'சி' படிவம் போடுவீர்களா என்று கேட்டுவிடுவதே வழி. திருவண்ணாமலையிலும் புதுச்சேரியிலும் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வெளிநாட்டவர் வந்து பழக்கம் உண்டு.

செஞ்சியில் நேரம்தான் சிக்கல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் ஓடும் கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். கூட்டத்தில் பேருந்தைத் தவறவிட்டு மத்தியானம் வந்து சேரும் குழு, கீழே கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் யானைக்குளத்தையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். நேரத்தோடு ஏறியவர்களுக்கு உச்சிக்குச் சற்று முன்னால் அந்தக் கோட்டையின் சூட்சுமம் விளங்கும்: பாறை சுமார் 24 அடி அகலத்துக்குப் பிளந்து, கீழே பாதாளமாக இறங்கும் இடத்தில் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் தொடமுடியாது. சிவாஜி 1677இல் கைப்பற்றிய இந்தக் கோட்டையில்தான் அவர் மகன் ராஜாராம் 1689இல் வந்து அடைக்கலம் புகுந்தார். ஜுல்பிகர் கானின் முகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டு 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. தேசிங்கு ராஜன் ஆற்காட்டு சாதத்துல்லா கானோடு போரிட்டு மாண்டது 1714இல். கதைப்பாடலாகத் தெருக்கூத்துக்காரர் வாயில் இன்றும் வாழ்வது அந்தக் கதைதான். பிரெஞ்சுக்காரர் 1750இல் பிடித்தனர், 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை என்பர். மாலைதோறும் அவற்றின் அடியில் உட்கார்ந்து பேசும் மாணவர்களுக்கு, செஞ்சியின் வேங்கடரமணர் கோயிலில் அதே வேலைப்பாட்டைப் பார்க்கும்போது தூண்களின் ஊர் தெரியவரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இருப்பது செஞ்சி மட்டுமே.

கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூடத் திருநாதர்குன்றுக்குப் போவதில்லை. செஞ்சிக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில் உள்ள அந்தக் குன்றின் உச்சியில் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டாக, 24 தீர்த்தங்கரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அருகில் ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு: சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்று சொல்கிறது. சில சொற்களே கொண்ட கல்வெட்டு. வகுப்பில் வட்டெழுத்து வடிவங்களைப் பலகையில் எழுதிப் பழகிய மாணவர், வெயிலில் பாறைமேல் குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், பார்க்கவேண்டியது இது. சமணம் இங்கே பழங்கதையாகப் போய்விடவும் இல்லை: திண்டிவனம், செஞ்சிப் பகுதியில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன, மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழி பல்லவர் வழி. மண்டகப்பட்டுக் குடைவரை நடுவழியில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுதை இவை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இக்கோயிலை விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) ஆக்கினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. தளவானூரில் அதே மன்னனின் சத்ருமல்லேசுவரம். முகப்பில் மகரதோரணம், உள்ளே தமிழ்ப் பாட்டு ஒன்றும் கல்வெட்டாக இருக்கிறது. பனமலையில் ஏரிக்கு மேலே குன்றின்மீது பல்லவன் ராசசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே சிற்றாலயம் ஒன்றின் சுவரில், சிவன் ஆடுவதை ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று பார்க்கும் உமையின் ஓவியம், ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் முகம் மறையாமல் தெரிகிறது. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கிளைச்சாலைகளில் இருப்பதால் பேருந்தில் ஒரே நாளில் பார்க்க முடியாது. விழுப்புரத்தில் ஓர் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது.

புதுச்சேரியில் பாடம், விடுமுறையில் இந்தக் குன்றுகள் என்ற பழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரெய் (1885-1945) இப்படித்தான் ஊர் ஊராகப் போய், 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் நூலையும் 1916இல் பல்லவர் தொல்பொருள் நூலின் முதல் பகுதியையும் வெளியிட்டார். மகேந்திரவர்மனின் குடைவரைகளை ஒரே மன்னனின் வேலையாகச் சேர்த்துப் பார்க்க அந்த நூல் வழி செய்தது. அவருக்குக் கைகொடுத்தது ரயில்; விழுப்புரம், புதுச்சேரிப் பாதை 1879லேயே வந்துவிட்டது.

வானிலையையும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் குளிர்காலப் பருவ மாணவர்கள் வடகிழக்குப் பருவமழையில்தான் வந்து மாட்டுகிறார்கள். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கேயே நின்று கொட்டியது. ஞாயிறு காலைக்குள் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றிரவு சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. திங்களன்று விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்கள் நின்றன. அப்படியொரு நேரத்தில் மேற்சொன்ன சுற்றின் எந்தப் புள்ளியில் இருந்தாலும் வெளியேற வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் கிளம்புகிறவர் வானிலை அறிவிப்பை மட்டும் பார்த்தால் போதாது. சாத்தனூர் அணையின் நீர்மட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுற்று முடிவது விழுப்புரம் சந்திப்பில். சென்னை, விருத்தாசலம் வழித் திருச்சி, கடலூர் வழி மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழிக் காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைப் பாதைகள் கூடும் நிலையம். புதுச்சேரிக்கு ரயில் வரும்வரை பொழுது இருந்தால் திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது; மூவர் தேவாரமும் பெற்ற தலம். ஒரு நாள் மிச்சமிருந்தால் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரை இறைவன் ஓலை காட்டி ஆட்கொண்ட ஊர், சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் ஊர், கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர். மூன்று வெவ்வேறு வகுப்புகளில் படிக்கும் மூன்று பாடங்கள் ஒரே சிற்றூரில் வந்து நிற்கின்றன.

இந்தச் சுற்றைப் படிப்பின் பகுதியாக்கப் பெரிய செலவில்லை. திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, நடுவில் மயிலம் தமிழ்க் கல்லூரி. மூன்றிலும் தமிழ் படிக்கும் மாணவர்கள் உண்டு; அதே சிறுபாணாற்றுப்படையை அதே வயதில் படிப்பவர்கள். அவர்களில் இருவர் கூட வந்தால் பஞ்சாங்கமும் பேருந்தும் விடுதியும் தாமாகவே சரியாகிவிடும். புதுச்சேரி மாணவருக்குச் சுவடி ஒப்பீடும் பாடபேதமும் தெரியும். திண்டிவனத்து மாணவருக்கு நண்டும் சோறும் எந்த வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று தெரியும். எயிற்பட்டினத்தில் தொடங்கி ஆமூர் வரை அடிவரிசையில் இருவரும் சேர்ந்து ஒரு நாள் போய்வந்து, அடுத்த வாரம் தூமா வீதியில் ஒன்றும் திண்டிவனத்தில் ஒன்றுமாக இரண்டு வகுப்பு நடத்தலாம். அதற்கு ஒரு துறைத்தலைவர் இன்னொரு துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.